முதல் இடத்தில் மட்டும் சாகும் கார்

அத்தியாயம் 6

கதவைத் திறந்ததுமே நாற்றம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. கருகிய ரப்பர், மூன்று நாள் துவைக்காத சாக்ஸ், டயரில் தடவுகிற ஏதோ ஓர் எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே யாரோ மூலையில் மறந்து வைத்துவிட்டுப் போன பால் காப்பி. ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து, தரையில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்து, வெள்ளைக் குழாய்களை வளைத்து வளைத்து அடுக்கி, அதற்கு ரேஸ் டிராக் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பளத்தை யாரும் ஒருநாளும் சுத்தம் செய்ததில்லை என்று நான் சத்தியம் செய்வேன். முழங்கை நீளம்கூட இல்லாத ரிமோட் கார்கள் அதன்மேல் கீச்சிட்டுக்கொண்டு பறந்தன. ஓரத்து மேடையில் ஏறி நின்று, வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு ரிமோட்டோடு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கைக்குட்டையை மூக்கிலேர்ந்து எடுடா. துப்பறிய வந்திருக்கோமா, துப்ப வந்திருக்கோமா?" என்றாள் சித்தி.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட இரண்டே வயது பெரியவள். அந்த இரண்டை இருபதாக நடத்துகிறவள். பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தைந்து வருஷம் லீவு லெட்டர் வாங்கி வைத்த உத்தியோகம். எந்த வயிற்றுவலி நிஜம், எந்த வயிற்றுவலி கிரிக்கெட் என்று லெட்டரின் மடிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற மறுநாளே என் துப்பறியும் ஆபீசுக்கு வந்து, என்னைக் கேட்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

எங்களை வரவழைத்தவர் ஓடி வந்து கைகுலுக்கினார். தொழிலில் பல் டாக்டர்; ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுகிறவர். கை முழுவதும் டயர் எண்ணெய்ப் பிசுக்கு. நாளைக்குக் காலையில் இந்தக் கை யார் வாயில் நுழையுமோ என்று எனக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"சார், ஒரு மணிக்கு கமிட்டி கூடுது. அதுக்குள்ள கண்டுபிடிக்கலேன்னா எங்க அக்காவ இங்கேர்ந்து எழுப்பிடுவாங்க" என்றார்.

விஷயம் இதுதான். இந்த கிளப்பில் ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் அவருடைய அக்கா கையால் பூட்டியவை. பதினோரு வருஷமாக இதே கிடங்கில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, பழுது பார்ப்பதும் புதிதாகக் கட்டிக் கொடுப்பதும்தான் அவருக்குச் சோறு. போன மூன்று மாதத்தில் மூன்று ஃபைனல். மூன்றிலும் தம்பியின் கார் முதலில் போய்க்கொண்டிருக்கும்போதே கரண்ட் செத்து நின்றது. மூன்றாவது தடவை நடு வளைவில் நின்றதால் பின்னால் வந்த இரண்டு கார்கள் மோதி நொறுங்கின. உடனே ஒரு புகார்க் கடிதம் எழுந்தது. வயர்களை ஈயத்தால் பற்றவைக்கிற சால்டரிங்கில் கவனக்குறைவு, தீப்பிடிக்கும் ஆபத்து, ஆகவே மேசையைக் காலி செய்ய வேண்டும். கமிட்டி அதை ஏற்றுக்கொண்டால் அப்புறம் எவனும் அந்த அம்மாள் கையில் ஒரு ஸ்குரூகூடக் கொடுக்க மாட்டான்.

கிடங்கின் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

அக்காவின் மேசையைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான இடம் அது ஒன்றுதான். ஸ்குரூக்கள் அளவு வாரியாகச் சின்னக் கிண்ணங்களில் இருந்தன. துடைக்கிற துணியைக்கூட நான்காக மடித்து வைத்திருந்தார். எல்லோரும் சால்டர் அக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியைத் தலைமுடியில் ஏற்றி விட்டிருந்தார்.

"தொடாதீங்க" என்றார் முதல் வார்த்தையாக.

"தொடல. வண்டிக்கு என்ன கோளாறு?"

"கோளாறே இல்ல. அதான் கோளாறு. பாருங்க."

காரை ஒரு சிறிய ஸ்டாண்டில் தூக்கி வைத்து ரிமோட்டை அழுத்தினார். சக்கரங்கள் அலறின. பத்து நிமிஷம் அலறின. நிற்கவில்லை.

"பேட்டரி மாத்தினேன். மோட்டார் மாத்தினேன். ஸ்பீடு கன்ட்ரோலர ரெண்டு தடவ மாத்தினேன். ஒரு வயர் விடாம பிடுங்கிப் புதுசா வச்சேன். காலைல தகுதிச் சுத்துல இதே வண்டி அஞ்சு நிமிஷம் முழுசா ஓடி முதல் இடம் வாங்குது. மத்தியானம் ஃபைனல்ல, நாலாவது நிமிஷம், பொத்துனு நிக்குது. மேசைக்குக் கொண்டு வந்தா மறுபடி ஓடுது."

"எங்க ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் இதே கேஸ்தான்மா. மெக்கானிக்கப் பாத்தா மட்டும் சிரிச்சுகிட்டே வேல செய்யும். அவர் படி இறங்கினதும் படுத்துக்கும்" என்றாள் சித்தி.

அக்கா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் இல்லை. புகார்க் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். சித்தி அதைப் பழைய பழக்கத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள்.

"மூணு கையெழுத்து இருக்கு. செகரட்டரி ஒண்ணு. மோதல்ல வண்டி உடைஞ்சவர் ஒண்ணு. மூணாவது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

சித்தி கடிதத்தை இறக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"அவர் கமிட்டில இருக்கார். மேல கூண்டுல உக்காந்து ரவுண்டு எண்றவர் அவர்தான். பொண்டாட்டிங்கறதுக்காகப் போடாம விட்டா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போட்டார்." அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவர் அப்படித்தான். நேர்மையான மனுஷன். வண்டி நின்ன ஒவ்வொரு தடவையும் முதல் ஆளா ஓடி வர்றதும் அவர்தான்."

சித்தி கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ம்" என்றாள்.

மூன்று ஃபைனலையும் ஜெயித்தவனைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மேடைக்குக் கீழே அவன் நின்றுகொண்டிருந்தான். தலையைப் பார்த்தே சுருட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான். மெல்லட்டும், யார் வேண்டாமென்றது? வாயை மூடிக்கொண்டு மெல்லலாமே. அந்த ஈரச் சத்தம் பத்தடிக்கு இந்தப் பக்கமே கேட்டது. உள்ளே இருப்பது நாக்கா கம்மா என்று அடையாளம் சொல்கிற அளவுக்கு எல்லாம் தெரிந்தது.

"மூணு கப்பும் உங்க வீட்லதானாமே?" என்றேன், அவனுடைய வாயைப் பார்க்காமல் காதைப் பார்த்துக்கொண்டு.

"அது நிக்கும். நான் போவேன். இதுல என் தப்பு என்ன சார் இருக்கு?"

"நிக்கறதுக்கு முன்னால கொஞ்சம் கொஞ்சமா வேகம் குறையுமா? அந்த நேரத்துல தாண்டிட்டீங்களா?"

"வேகம் குறையறதாவது! பேய் மாதிரி போற வண்டி சார் அது. அக்கா கை அப்படி. சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். அது செத்து நின்னாத்தான் என்னால தாண்ட முடியும்." கம்மை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினான். "டாக்டருக்கு ராசி இல்ல. சிவப்பு சிப்ப வாங்கினாலே அவ்வளவுதான்."

"அது என்ன சிவப்பு சிப்?"

"ரவுண்டு எண்றதுக்கு வண்டிக்குள்ள ஒரு சிப் வைப்பாங்க. எல்லாருக்கும் கறுப்பு. ஃபைனல்ல முதல் இடத்துலேர்ந்து கிளம்பறவருக்கு மட்டும் சிவப்பு. கைதட்டி மாட்டி விடுவாங்க. இந்த கிளப்போட பெரிய மரியாதை அது."

இதைச் சொல்லிவிட்டு, வாயிலிருந்த கம்மை எடுத்து, மேடையின் கைப்பிடிக்கு அடியில் ஒட்டிவிட்டு, புதிதாக ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டான். நான் திரும்பி நடந்துவிட்டேன். சித்தி பின்னாலேயே வந்தாள்.

"இவன்தான்டா. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு."

"அசிங்கமா இருக்கறவன் எல்லாம் குத்தவாளின்னா இங்கே எல்லாரையும் உள்ள தள்ளணும் சித்தி."

ரவுண்டு எண்ணும் கூண்டு ஏழு படி மேலே இருந்தது. மரக் கூண்டு, முன்னால் கண்ணாடி. உட்கார்ந்தபடியே முழு டிராக்கையும் பார்க்கலாம். நேர் கீழே சால்டர் அக்காவின் மேசையும் தெரியும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அக்காவின் கணவர். டைமர் என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒல்லியான, மெதுவான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் நாற்காலியைச் சித்திக்குக் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இந்தக் கட்டடத்தில் ஒரு மனிதராவது மரியாதையாக இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அவ பாவம் சார். ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. எப்படியாவது ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

மூன்று ஃபைனலின் தாள்களையும் எடுத்துக் கொடுத்தார். கம்பளத்துக்கு அடியில் ஒரு கோடாக வயர் போட்டிருக்கிறார்களாம். கார் அதைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே இருக்கிற சிப் ஒரு குரல் கொடுக்குமாம். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, ஒரு ரவுண்டு, இத்தனை வினாடி என்று எழுதிக்கொள்ளுமாம்.

"இங்க பாருங்க. பதினாறு செகண்ட், பதினாறு, பதினாறு. நிக்கறதுக்கு முந்தின ரவுண்டு பாருங்க, முப்பத்திரண்டு. வண்டி அங்கேயே திணற ஆரம்பிச்சுடுச்சு. மூணு தடவையும் இதே கதை. நான் என்ன சார் பண்றது? தாள்ல இருக்கறத மறைக்க முடியுமா?"

நான் தாளைப் பார்ப்பதற்காகக் குனிந்து மேசையின் விளிம்பைப் பிடித்தேன். என் நான்கு விரல்களும் மேசைக்கு அடியில் மேடு மேடாக எதையோ தொட்டன. முதல் மூன்று மேடு கல் மாதிரி காய்ந்திருந்தன. நான்காவது விரலோடு ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது.

யாரோ ஒரு மனிதர் மென்று துப்பிய கம். இன்னும் ஈரம் போகவில்லை.

"ஐயய்யோ, அது பழைய ஆளுங்க யாரோ வச்சது சார்" என்றார் டைமர்.

நான் ஏழு படியையும் மூன்றாக இறங்கினேன்.

கழிவறையைப் பற்றி எழுதினால் இந்தப் புத்தகத்தை நீங்கள் கையால் தொட மாட்டீர்கள். சோப்பில் ஒரு நீளமான முடி ஒட்டியிருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சோப்பு இல்லாமலேயே ஐந்து தடவை கை கழுவினேன். வாந்தி தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆனால் ஒரு விஷயம், எனக்கு மூளை வேலை செய்வதே உடம்பு குமட்டும்போதுதான்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த சித்தியிடம் உள்ளிருந்தே கத்தினேன்: "சித்தி! அந்த முப்பத்திரண்டு ரவுண்டு! புள்ளிக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு."

"அதுக்கு முன்னாடி ரவுண்டு?"

"பதினாறு புள்ளி ஒண்ணு."

"மத்த ரெண்டு தாள்ல?"

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. சித்தி வாய்க்குள் கணக்குப் போடுவது கேட்டது. பிறகு சொன்னாள்: "எல்லாத்துலயும் சரியா டபுள்டா."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கைப்பிடியைத் தொடுகிற உத்தேசம் எனக்கு இல்லை. "திணறுற வண்டி இவ்வளவு கணக்கா திணறுமா? மூணு தடவையும் சொல்லி வச்ச மாதிரி ரெண்டு மடங்கு? அது ஒரு ரவுண்டு இல்ல சித்தி, ரெண்டு ரவுண்டு. வண்டி ஒழுங்காத்தான் கோட்டைத் தாண்டிச்சு. சிப் குரல் கொடுக்கல, அதனால ரெண்டும் ஒண்ணா சேர்ந்துடுச்சு. சுருட்டையும் சொன்னானே, வேகம் குறையவே இல்லைன்னு. அதாவது வண்டி சாகறதுக்கு முன்னாடி சிப்புக்கு மூச்சு திணறியிருக்கு."

பல் டாக்டர் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். "நான் அன்னிக்கே கத்தினேன் சார், ஒரு ரவுண்டு காணோம்னு! தோத்தவன் புலம்பறான்னு சிரிச்சாங்க!"

மூன்று பேருமாக அக்காவின் மேசைக்கு ஓடினோம்.

"அந்த சிப்புக்கு கரண்ட் எங்கேர்ந்து வருதும்மா?"

"ரிசீவர்லேர்ந்து. ரிமோட் சொல்றத கேக்கற பொட்டி அது. அதுல ரெண்டு வயர் சொருகுவாங்க."

"அந்த ரெண்டு வயர் ஒண்ணோட ஒண்ணு பட்டா?"

"ரிசீவருக்கு கரண்ட் போயிடும். வண்டி அப்படியே..." அக்கா நிறுத்தினார். தலையில் இருந்த கண்ணாடி நழுவி மூக்கில் விழுந்தது. அதைச் சரிசெய்யக்கூட அவர் கை வரவில்லை.

"இங்க டெஸ்ட் பண்றப்போ சிப் வச்சிருக்கா?"

"இல்ல. அது கிளப் சாமான். ரேஸ் கிளம்பறப்ப டைமர்தான் கையால மாட்டுவார். முடிஞ்ச உடனே கழட்டிப் பெட்டில வச்சுப் பூட்டணும். தகுதிச் சுத்துல கறுப்பு சிப், ஃபைனல்ல சிவப்பு..." அவர் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டார். "மூணு மாசமா வண்டில பாக்காத இடமில்ல. என் கைக்கே வராத ஒரே சாமான் அதான்!"

பன்னிரண்டே முக்காலுக்கு கமிட்டி அறையில் எல்லோரும் இருந்தோம். அக்கா காரையும் கருவிப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். காற்றோட்டம் இல்லாத அறை. பத்து வருஷத்து வியர்வை சுவரிலேயே குடியிருந்தது. செகரட்டரி சிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். டைமர் இடுப்பிலிருந்த சாவி வளையத்தை எடுத்துத் திறந்துவிட்டார்.  சுருட்டை கதவில் சாய்ந்து மென்றுகொண்டிருந்தான்.

சிவப்பு சிப் தீப்பெட்டியில் பாதி அளவு இருந்தது. அதிலிருந்து கிளம்புகிற இரண்டு வயர்களின் அடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பார்த்தால் தயாரித்தவனே சுற்றிய மாதிரி இருந்தது. அக்கா இடுக்கியால் டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. அதில் பல் தடம் தெளிவாக இருந்தது. அந்த உருண்டைக்குள், அறுந்துபோன இரண்டு வயர்களையும் சிப்பில் படும்படி பக்கம் பக்கமாகச் சொருகி ஒட்டியிருந்தார்கள்.

"சூயிங்கம்" என்றார் பல் டாக்டர். பிறகு தொழில் புத்தியில், "கடைவாய்ப் பல்" என்றார்.

எனக்குக் காதுக்குப் பின்னால் வியர்த்தது. செகரட்டரி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. அந்த அருவருப்பை இடுக்கியாலேயே தூக்கிக் காரில் மாட்டினார். ரிமோட்டை அழுத்தினார். சக்கரம் ஓடியது. "மோட்டாருக்குப் பக்கத்துலதான் இத வைக்கறது. ஃபைனல்ல அங்க நல்லா சூடாகும்" என்று சொல்லிவிட்டு, சூடான காற்று அடிக்கிற கருவியை எடுத்து அந்த இடத்தில் மட்டும் பிடித்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. கம் இளகிப் பளபளத்தது. வயர்கள் அதற்குள் மெல்லச் சாய்ந்து, சிப்பில் பட்டும் படாமலும் இருந்து, கடைசியில் ஒன்றையொன்று தொட்டன.

பொத்தென்று நின்றது கார்.

கருவியை அணைத்தார். உருண்டை ஆறி இறுகியதும் வயர்கள் பழைய நிலைக்கு விலகின. கார் மறுபடி ஓடியது. மூன்று மாதம் அவரை முட்டாளாக்கிய வித்தை இவ்வளவுதான்.

பல் டாக்டர் அடுத்த வினாடியே சுருட்டையின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "எங்க அக்கா பொழப்புல விளையாடறியாடா!"

"சார், நான் இல்ல! சத்தியமா இல்ல!" பயத்தில் அவன் வாயிலிருந்த கம் செகரட்டரியின் மேசைமேலேயே விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விடுங்க டாக்டர்" என்றேன் கண்ணை மூடியபடியே. "வண்டிய கெடுக்கணும்னு வர்றவன் வயர அறுத்துட்டுப் போவான். உக்காந்து ஒட்டுவானா? மேல டேப் சுத்தி அழகு பார்ப்பானா? இத ஒட்டினவருக்கு இது வேலை செய்யணும்னு ஆசை. சிப் போச்சுன்னா யார் பதில் சொல்லணும்? பெட்டி சாவி வச்சிருக்கறவர்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அவர் மேசைக்கு அடியில நாலு கம் இருக்கு. மூணு காய்ஞ்சது. ஒண்ணு இன்னிக்குக் காலையில வச்சது. பழைய ஆளுங்க வச்சதுன்னார். சரி, கம் மெல்றது குத்தமில்ல. ஆனா ரவுண்டு எண்றதே வேலையா இருக்கறவருக்கு, பதினாறும் பதினாறும் சேர்ந்தா முப்பத்திரண்டுன்னு தெரியாதா? ரவுண்டு விட்டுப்போச்சு, சிப்ல கோளாறுன்னு அந்தத் தாளைப் பார்த்த நிமிஷமே அவருக்குப் புரிஞ்சிருக்கும். எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? வண்டி திணறுதுன்னார்."

டைமர் உட்கார்ந்துவிட்டார். அவர் செகரட்டரியிடம் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மனைவியிடம் பேசினார்.

"கழட்டறப்ப இழுத்துட்டேன். வயர் கையோட வந்துடுச்சு. சிகரெட்ட விட்டதுலேர்ந்து வாயில எப்பவும் இது இருக்கும். அவசரத்துக்கு ஒட்டினேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு..."

"ஏழு படி கீழ நான் உக்காந்திருக்கேன்" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "கைல சால்டரிங் அயர்ன் சூடா இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை."

"உங்கிட்ட குடுத்தா, 'இதக்கூட ஒழுங்கா கழட்டத் தெரியாதா'ன்னு எல்லார் முன்னாடியும் கேப்ப."

"கேட்டிருப்பேன்."

"அதான்."

"முதல் தடவ வண்டி நின்னப்பவே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது."

"ரெண்டாவது தடவ?"

அவர் சாவி வளையத்தை இடுப்பில் திரும்ப மாட்டிக்கொண்டார். அதுவே பதில். புகார்க் கடிதம் எழுதியது மூன்றாவது தடவைக்குப் பிறகு. அதாவது, வண்டியைக் கொன்றது தன் எச்சில் என்று தெரிந்துகொண்டேதான் அந்தத் தாளில் பேனாவை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் மனைவியிடம் சொல்லிவிட்டு வேறு. அக்கா அதை நேர்மை என்று நினைத்துப் பெருமைப்படும்போது எதிரே உட்கார்ந்து தலையாட்டியிருப்பார்.

இந்தத் தொழிலில் நான் கத்தியால் குத்தினவனோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். விஷம் வைத்தவள் கொடுத்த தண்ணீரைக்கூட, தெரியாமல், குடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத குமட்டல் அந்த அறையில் வந்தது. கழிவறை சோப்பையே எடுத்து முகம் கழுவலாம் போலிருந்தது. மரியாதையாக எழுந்து நின்று நாற்காலி கொடுத்தானே, அந்த நாற்காலியை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. சித்தியைப் பார்த்தேன். ஏதாவது ஒரு கிண்டல் சொல்லி இந்த நாற்றத்தைக் கலைக்க மாட்டாளா என்று இருந்தது. அவள் மூன்று தாள்களையும் மடித்துக்கொண்டிருந்தாள்.

செகரட்டரி கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "மன்னிச்சுடும்மா. மேசை உன்னோடதுதான். என்னிக்கும் உன்னோடதுதான். ரெண்டு மணிக்கு ஃபைனல் இருக்கு, அந்த சிப்ப மட்டும்..."

அக்கா ஏற்கெனவே எழுந்து போயிருந்தார். அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக அவருடைய மேசை தெரிந்தது. கம்மைச் சுரண்டி எடுத்தார். வயரின் நுனியைத் துடைத்தார். அயர்னை வைத்தார். ஒரு கீற்றுப் புகை எழுந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து சிவப்பு சிப்பை செகரட்டரியின் முன்னால் வைத்தார்.

"ரேஸ ஓட்டுங்க. கூண்டுல வேற யாரையாவது உக்கார வைங்க" என்றார்.

"வேற ஆளு உடனே எப்படிம்மா?"

"நான் எண்றேன்" என்றாள் சித்தி. "இருபத்தஞ்சு வருஷம் வராத பசங்கள எண்ணியிருக்கேன். வர்ற வண்டிய எண்ண மாட்டேனா?"

டைமர் எழுந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதனாலேயே அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது போலிருந்தது. மனைவியின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "நான் வீட்டுக்குப் போயிருக்கேன். சமைச்சு வைக்கறேன். நீ நிதானமா வா, பேசிக்கலாம்" என்றார்.

"சாவிய குடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா.

"ஆமாமா, அதுதான் முறை" என்று செகரட்டரி சிப் பெட்டியை இழுத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"பெட்டி சாவி இல்ல சார்" என்றார் அக்கா, கணவரைவிட்டுப் பார்வையை எடுக்காமல். "எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன வீட்டோட சாவி."

டைமர் வீட்டுச் சாவியைக் கழற்ற வளையத்தை வெளியே எடுத்தார். நகம் வளையத்தின் பிளவுக்குள் நுழையவில்லை. வளையம் இரண்டு தடவை கீழே விழுந்தது. பக்கத்தில் இடுக்கி இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.